நின்று பார்த்தவர்கள் மேல் பழி போடாதீர்கள்



கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். நேரம் இல்லாதவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசியுங்கள். "சேர் திரும்பவும் தொடங்கிட்டார்" என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரியுங்கள், ஆனால் வாசித்து முடித்துவிட்டுச் சிரியுங்கள்.

போன கிழமை எங்கள் பழைய மாணவர் குழுவில் யாரோ ஒரு காணொளியைப் போட்டிருந்தார்கள். லண்டன் வெஸ்ற் ஹாம் உதைபந்தாட்டக் கழகத்தின் பழைய மைதானம் இருந்த இடம். இப்போது அங்கே மாடிவீடுகள். அதற்கு முன்னால் ஒரு வயதான வெள்ளைக்காரர் நின்று, "இந்த இடத்தில்தான் நான் நின்று பார்ப்பேன், எனக்கு முன்னால் என் அப்பா நின்றார்" என்று சொல்லுகிறார். சொல்லும்போது குரல் உடைகிறது. அவ்வளவுதான் காணொளி.

அதற்குக் கீழே என் மாணவன் ஒருவன் எழுதினான்: "கொங்கிறீற்றுக்கு அழுகிற ஆட்கள். நின்று பார்த்துத்தானே ஹில்ஸ்பறோவில 97 பேர் செத்தவை? இப்ப கதிரை இருக்கு, கூரை இருக்கு, ஒழுங்கான மலசலகூடம் இருக்கு. இன்னும் என்ன வேணுமாம்?" அதற்கு 42 லைக். எண்ணிப் பார்த்தேன். அதில் என் சொந்த மருமக்கள் மூன்று பேர்.

பெயர் சொல்லமாட்டேன், அவனுக்குத் தெரியும். கெட்டிக்காரன், கணக்கில் எப்போதும் முதல் மூன்றுக்குள் நின்றவன். அதனால்தான் பேசாமல் விட முடியவில்லை. தம்பி, விடையும் பிழை, செய்கை வழியும் பிழை.

முதலில் அந்த மைதானம். அதன் பெயர் போலின் மைதானம், எல்லாரும் சொல்லுவது அப்ரன் பார்க். வெஸ்ற் ஹாம் 1904 இல் அங்கே வந்தது, 2016 இல் போனது. 112 வருடம். தேம்ஸ் ஆற்றங்கரையில் கப்பல் கட்டிய இரும்பு ஆலைத் தொழிலாளர்கள் 1895 இல் தொடங்கிய கழகம் அது. சின்னத்தில் இருக்கிற இரண்டு சுத்தியலும் அந்த ஆலையின் சுத்தியல்கள்தான். மைதானம் இருந்தது கிறீன் ஸ்ரீற்றில். உங்களில் பாதிப் பேர் கலியாணச் சேலை எடுத்த அதே கிறீன் ஸ்ரீற். ஒரு பக்கம் மாதா கோயில், மற்றப் பக்கம் சேலைக்கடையும் நகைக்கடையும், நடுவில் 35,000 பேர் கொள்ளுகிற மைதானம்.

அந்தக் காலத்தில் அங்கே பெரும்பகுதி ரெரஸ். கதிரை இல்லாத கொங்கிறீற் படிக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையிடையே சாய்ந்து நிற்க இரும்புக் கம்பி. கிழக்குப் பக்கத்துக்குச் 'சிக்கன் றன்' என்று பட்டம், கோழிக்கூடு மாதிரிப் பலகையும் தகரமுமாக இருந்ததால். பின்னால் அதை இடித்துப் புதிதாகக் கட்டியும் பட்டம் போகவில்லை. ஆட்டம் நடக்கிற அன்றைக்குப் போய், வாசலில் சில்லறையைக் கொடுத்து, உள்ளே போய் நிற்க வேண்டியதுதான். உனக்கு இலக்கம் இல்லை. ஆனால் எல்லாருக்கும் தங்கள் தங்கள் இடம் தெரியும். சின்னப் பிள்ளைகளைத் தலைக்கு மேலால் கைமாற்றி முன்னுக்கு அனுப்பிவிடுவார்கள். முப்பது வருடம் பக்கத்தில் நின்றவனின் முழுப்பெயர் தெரியாது, ஆனால் அவன் ஒரு சனிக்கிழமை வராவிட்டால் மூன்று பேர் விசாரிப்பார்கள்.

சொர்க்கம் என்று சொல்லவில்லை. மலசலகூடத்துக்கு வழி கிடைக்காமல் பின்னால் நின்றவர் முன்னால் நின்றவரின் காலுக்கு என்ன செய்தார் என்பதைப் பெண்பிள்ளைகளும் வாசிக்கிற இடத்தில் எழுதமாட்டேன்.

இப்போது 97 பேருக்கு வருகிறேன். தம்பி, அந்த எண்ணை நீ மிகச் சுலபமாகப் பாவித்துவிட்டாய்.

1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பறோ மைதானம். லிவர்பூலுக்கும் நொற்றிங்ஹாம் ஃபொறஸ்ற்றுக்கும் அரையிறுதி. லிவர்பூல் ஆட்களில் நின்று பார்க்கிற பத்தாயிரம் பேரும் லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில் ஏழே ஏழு சுழல்வாசலால் உள்ளே போகவேண்டும். ஏழு! வெளியே சனம் நெரிபட்டது. 2.52க்குப் பொலிஸ் அதிகாரி ஒரு பெரிய வெளிவாயிலைத் திறக்கச் சொன்னார். திறந்தது சரி. ஆனால் உள்ளே போனவர்களுக்கு நேரே தெரிந்தது ஒரு சுரங்கவழி. அது போய் முடிந்தது ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுக் கூண்டுகளில். பக்கத்துக் கூண்டுகளில் இடம் இருந்தது. சுரங்கவழியின் வாயை அடைத்து, "பக்கத்தால் போங்கோ" என்று கைகாட்ட ஒருவரும் இல்லை.

கூண்டு என்ற சொல்லை வேண்டுமென்றுதான் எழுதுகிறேன். அவர்களே அதைப் 'பென்' என்றுதான் சொன்னார்கள். ஆடு மாடு அடைக்கிற பட்டிக்கும் அதே சொல்தான். மூன்று பக்கமும் உயரக் கம்பிவேலி, முன்னால் மைதானத்துக்குப் போகவிடாத வேலி, அதில் ஒரு சின்னக் கதவு. ரசிகர்கள் என்றால் காடையர்கள் என்று முடிவு கட்டி 1970களில் மைதானம் மைதானமாகப் போட்ட வேலி. முன்வரிசையில் நின்ற பிள்ளைகள் அந்த வேலியோடு நெரிந்து மூச்சடங்கினார்கள். 3.06க்குத்தான் ஆட்டத்தை நிறுத்தினார்கள். 97ஆவது ஆள் அன்றைக்குப் பட்ட காயத்தோடு 32 வருடம் படுத்திருந்து 2021 இல் இறந்தார்.

இனிச் சொல், இவர்கள் நின்றதாலா செத்தார்கள்?

1985 மே 11 இல் பிராட்ஃபோர்ட்டில் 56 பேர் செத்தார்கள். அது கதிரை போட்ட மண்டபம். மரக் கட்டடம், பலகைக்குக் கீழே வருடக்கணக்காகச் சேர்ந்த குப்பை, அதில் பற்றிய நெருப்பு. பின்கதவுகள் பூட்டிக் கிடந்தன. பின்னுக்கு ஓடியவர்கள் அங்கேயே கருகினார்கள். முன்னுக்கு ஓடியவர்கள் மைதானத்துக்குள் குதித்துத் தப்பினார்கள், ஏனென்றால் அங்கே முன்னால் வேலி இல்லை. இதை வைத்து "கதிரையில் இருந்ததால் செத்தார்கள்" என்று எவராவது சொன்னார்களா? 1971 இல் கிளாஸ்கோவின் ஐப்றொக்ஸ் மைதானத்தில் 66 பேர் செத்தது ஆட்டம் முடிந்து படியால் இறங்கும்போது. 1946 இல் போல்ற்றனில் 33 பேர் செத்தது ரெரஸில்தான், அதை ஒளிக்கமாட்டேன். அங்கே அளவுக்கு மிஞ்சிச் சனத்தை விட்டார்கள். அதை விசாரித்த அறிக்கை எத்தனை பேரை உள்ளே விடலாம் என்று கட்டுப்பாடு வேண்டும் என்றது. சட்டம் வந்தது 1975 இல். இடையில் 29 வருடம்.

ஹில்ஸ்பறோவை விசாரித்த நீதிபதி ரெய்லர் தன்னுடையது ஒன்பதாவது அரச அறிக்கை என்று வேதனையோடு எழுதினார். எட்டு அறிக்கைகள் அலுமாரியில் கிடக்க, ஒன்பதாவதற்கு இத்தனை உயிர் தேவைப்பட்டது. முதன்மைக் காரணம் பொலிஸ் சனத்தைக் கட்டுப்படுத்தத் தவறியது என்று அவர் அந்த வருடமே எழுதிவிட்டார். நின்று பார்ப்பது இயல்பிலேயே ஆபத்தானது அல்ல என்றும் எழுதினார். ஆனால் பாதுகாப்புக்கு எல்லாவற்றையும்விட உதவக்கூடிய ஒரே நடவடிக்கை கதிரைதான் என்றும் அதே கையால் எழுதினார். இரண்டையும் சொல்ல வேண்டும். அவர் சொன்ன காரணங்களுக்காகக் கதிரை போட்டதை நான் குறை சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி "இனி ஒருவரும் நிற்கக்கூடாது" என்று சொன்னால் நான் வாயே திறக்கமாட்டேன். பல தாய்மார் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் 2017 இல் லிவர்பூல் ரசிகர் சங்கம் வாக்கெடுப்பு வைத்தபோது 88 சதவீதம் பேர் பாதுகாப்பான முறையில் நின்று பார்க்க விடுங்கள் என்றார்கள். லிவர்பூல் ஆட்கள்! அவர்களை விடவா உனக்கு ஹில்ஸ்பறோ தெரியும்?

என்னைச் சுட்டது வேறு. வாயிலைத் திறக்கச் சொன்ன அதே அதிகாரி, சனம் செத்துக்கொண்டிருக்கும்போதே, ரசிகர்கள்தான் வாயிலை உடைத்து உள்ளே வந்தார்கள் என்று பொய் சொன்னார். நாலாம் நாள் ஒரு பெரிய பத்திரிகை, 'உண்மை' என்று தலைப்புப் போட்டு, குடித்துவிட்டு வந்தவர்கள், பிணத்தின் சட்டைப்பையில் களவெடுத்தவர்கள் என்று எழுதியது. அந்தப் பொய்யைக் கழுவ அந்தக் குடும்பங்களுக்கு 27 வருடம் எடுத்தது. 2016 ஏப்ரலில்தான் ஜூரிகள் இது சட்டவிரோதமான கொலை, ரசிகர்களின் நடத்தை காரணம் அல்ல என்று தீர்ப்புச் சொன்னார்கள். 1974 தை மாதம் யாழ்ப்பாணத்தில் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி இரவை நினைவு வைத்திருக்கிற எங்கள் வயதுக்காரருக்கு, கூட்டத்தில் செத்தவர்கள் மேலேயே பழி போடுவது என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

"நின்று பார்த்துத்தானே செத்தவை" என்று நீ எழுதியது அந்தப் பொய்யின் பேரப்பிள்ளை, தம்பி. உனக்குத் தெரியாமலே உன் மடியில் வந்து இருக்கிறது.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதுவரை எழுத்தில் எங்கும் வைக்காதது.

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளை வரிசையில் விட்டவன் நான். ஒரு மாரிகாலம், பிரார்த்தனை மண்டபத்தில் காலைக் கூட்டம் முடிந்து ஐந்நூறு பிள்ளைகள் வெளியே போகவேண்டும். இரட்டைக் கதவு. வாசல் கடமை எனக்கு. ஒரு கதவை மட்டும் திறந்தேன், மற்றதின் தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது, எண்ணெய் விடவேண்டும் என்று இரண்டு கிழமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். மழை இறுக்கிப் பெய்யத் தொடங்கியது. பின்னால் நின்ற பிள்ளைகளுக்கு முன்னால் நடப்பது தெரியாது, தள்ளினார்கள். ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி விழுந்து, வலது கை முறிந்தது. சம்பவப் புத்தகத்தில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? "மாணவர்கள் ஒழுங்கின்றி முண்டியடித்ததால் விபத்து நேர்ந்தது." அதிபர் கையெழுத்து வைத்தார். அடுத்த நாள் ஏழாம் எட்டாம் வகுப்புப் பொடியன்கள் எல்லாரையும் வெயிலில் முழங்காலில் விட்டேன். தாழ்ப்பாளுக்கு அன்று பின்னேரமே எண்ணெய் விட்டேன், ஒருவருக்கும் சொல்லாமல்.

அந்தப் பிள்ளை இப்போது கனடாவில், அவளுக்கே இரண்டு பிள்ளைகள், இந்தப் பக்கத்தை வாசிக்கிறாள். பிள்ளை, பிழை உங்களுடையது அல்ல, என்னுடையது. முழங்காலில் நின்ற பொடியன்களே, உங்களுடையதும் அல்ல.

சரி, மைதானத்துக்கு வருவோம்.

ரெய்லர் அறிக்கைக்குப் பிறகு வேலியைக் கழற்றினார்கள், மேல் இரண்டு பிரிவுகளிலும் எல்லாருக்கும் கதிரை என்று 1994ஐக் கெடுவாக வைத்தார்கள். கதிரையின் விலையை நின்று பார்க்கிறவனின் சட்டைப்பைக்கு ஏற்றமாதிரி வைக்கலாம் என்று ரெய்லர் எழுதினார். ஐப்றொக்ஸில் நிற்க 4 பவுண், இருக்க 6 பவுண் என்று உதாரணமும் காட்டினார். இன்றைய காசில் அந்த 4 பவுண் பத்துப் பன்னிரண்டு பவுண் வரும். போன வருடம் என் மகன் எங்கள் மூன்று பேரையும், பேரனோடு சேர்த்து, ஒரு லண்டன் கழகத்தின் ஆட்டத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று கணினியில் பார்த்தான். ரிக்கற்றுக்கு மட்டும் இருநூறு பவுணுக்குக் கிட்ட. மருமகள் பக்கத்தில் நின்று, "மாமா, அந்தக் காசுக்கு ரெண்டு கிழமைச் சாமான் வாங்கலாம்" என்றா. வீட்டிலிருந்து ரீவியில் பார்த்தோம். பேரன் ரீவிக்கு முன்னால் எழும்பி நின்றுதான் பார்த்தான், அது வேறு கதை.

கதிரைக்கான அறிக்கையைக் கையில் எடுத்தவர்கள் விலைக்கான பக்கத்தைக் கிழித்துவிட்டார்கள் என்பதுதான் என் வழக்கு. 1991 இல் வெஸ்ற் ஹாம் கழகமே, மைதானத்தைத் திருத்தக் காசு வேண்டும் என்று, 500 பவுணிலிருந்து ஆயிரத்துக்குக் கிட்ட வரை கொடுத்து ஒரு பத்திரம் வாங்குங்கள் என்று ரசிகர்களிடம் கேட்டது. அதற்குக் கிடைப்பது என்ன? பருவகால ரிக்கற்றை வாங்குகிற உரிமை. ரிக்கற் அல்ல, வாங்குகிற உரிமை! சனம் மைதானத்துக்குள் இறங்கி மறியல் செய்தது, பத்திரம் விலைப்படவில்லை. ஏமாறவில்லை என்பதற்காகவே எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

ஜேர்மனியில் டோட்முண்டில் இருக்கிற சொந்தங்களுக்குத் தெரியும், அங்கே தெற்குப் பக்கத்தில் ஏறத்தாழ 25,000 பேர் இன்றைக்கும் நின்று பார்க்கிறார்கள், குறைந்த விலையில். இங்கிலாந்திலும் 2022 தையில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, அந்த வருடமே அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் இடுப்பளவு கம்பி, ஒரு இடத்துக்கு ஒரு ஆள். நிற்பதுதான் கொலைகாரன் என்றால் இது எப்படி நடக்கிறது?

அதற்காக மற்றப் பக்கத்தைச் சும்மா விடமாட்டேன். பழைய மைதானத்தை நினைத்து அழுகிறவர்களில் சிலர் பாதியைத்தான் நினைக்கிறார்கள். 1970களில் அப்ரன் பார்க் வாசலில் இனவெறிக் கட்சிக்காரர் பத்திரிகை விற்றார்கள். பெர்முடாவிலிருந்து வந்த கிளைட் பெஸ்ற் அந்தக் கழகத்துக்காகக் கோல் அடித்துக்கொண்டே மைதானங்களில் குரங்குச் சத்தம் கேட்டவர். என் பெரியம்மாவின் மகன் 1984 இல் ஈஸ்ற்ஹாமுக்கு வந்தவர், ஆட்டம் இருக்கிற சனிக்கிழமையில் மூன்று மணிக்கு முன்னமே வீட்டுக்கு ஓடிவிடுவாராம். அந்த மைதானத்தின் சத்தம் அவருக்குப் பாட்டு அல்ல. இதைச் சேர்க்காமல் பழங்கதை பேசுகிற எவரோடும் எனக்குச் சண்டைதான். ஆனால் அந்தக் காடைத்தனத்தைக் குறைத்தது பிளாஸ்ரிக் கதிரை என்று நினைக்கிறாயா? கறுப்பு வீரர்களும், அவர்களுக்காக வாய் திறந்த ரசிகர்களும், சட்டமும் செய்த வேலை அது.

2016 தொடக்கத்தில் ஓய்வுபெற்று, முதல்முறை மகனிடம் வந்திருந்தேன். மே 10, செவ்வாய்க்கிழமை. அந்த மைதானத்தின் கடைசி ஆட்டம். "அப்பா, வெளிய போகாதீங்கோ, சனம்" என்றான் மகன். போனேன். பார்க்கிங் றோட்டிலிருந்து கிறீன் ஸ்ரீற் வரை கால் வைக்க இடமில்லை. மன்செஸ்ரர் யுனைற்றட்டின் பஸ் அகப்பட்டுக்கொண்டது, சில காவாலிகள் போத்தல் எறிந்தார்கள், ஆட்டம் 45 நிமிடம் பிந்தியது. நான் வெளியேதான் நின்றேன். 80ஆவது நிமிடம் வின்ஸ்ரன் றீட் தலையால் முட்டி மூன்றாவது கோல் போட்டபோது வந்த சத்தத்தில் சேலைக்கடைக் கண்ணாடி அதிர்ந்தது. 3க்கு 2. முடிந்த பிறகும் சனம் வீட்டுக்குப் போகவில்லை. பெரிய மனிசர்கள் மதிலைத் தொட்டுக்கொண்டு நின்றார்கள்.

அதற்குப் பிறகு ஒலிம்பிக்குக்குக் கட்டிய மைதானத்துக்குப் போனார்கள். இப்போது 62,500 பேர் கொள்ளும். ஓட்டப் பாதைக்காகக் கட்டிய வட்டம் என்பதால் கோலுக்குப் பின்னால் இருக்கிறவனுக்குப் பந்து கடுகு மாதிரி. பழைய இடத்தில் எண்ணூறுக்கு மேற்பட்ட வீடுகள்.

தம்பி, நீ போன ஆவணியில் ஒரு படம் போட்டாய். வலிகாமம் வடக்கில் விடுவித்த காணியில் உங்கள் பழைய வீடு. கூரை இல்லை, யன்னல் இல்லை, நடுவீட்டில் ஒரு ஆலங்கன்று. கிணற்றுக்கட்டில் கைவைத்துக்கொண்டு நீ நின்றாய். "1990 இல விட்டிட்டுப் போன இடம்" என்று எழுதியிருந்தாய். நான் அதற்குக் கீழே "கொங்கிறீற்றுக்கு அழுகிறாய்" என்று எழுதவில்லை. போர் துரத்தியதும் வியாபாரம் துரத்தியதும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கிணற்றுக்கட்டில் நீ வைத்த கையும் மதிலில் அவர்கள் வைத்த கையும் எனக்கு ஒரே மாதிரித் தெரிந்தன, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் என் வயது. டகென்ஹாம் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். தகப்பனாரின் சாம்பலில் ஒரு பிடியைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒருவருக்கும் தெரியாமல் தூவிவிட்டு வந்ததாக ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார். அதற்கு மேலே இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டேன். "சைக்கிள் நிறுத்துகிற இடம்" என்றார். புதிய மைதானத்துக்கு அவர் போவதில்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் இரண்டு பேரும் கிறீன் ஸ்ரீற் வரை நடப்போம். அவர் கையால் காட்டிக்கொண்டு வருவார், இந்த மாடி சிக்கன் றன், அந்த யன்னல் வடக்குப் பக்கம் என்று. திரும்பும்போது நான் சந்தையில் முருங்கைக்காய் வாங்குவேன், அவர் காத்துக்கொண்டு நிற்பார்.

அடுத்த மாதம் நீ லண்டன் வருகிறாய் என்று உன் அம்மா சொன்னா. ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி வை. மூன்று மணிக்கு முன்னம் வந்துவிடு, அவர் பிந்தினால் விட்டுவிட்டு நடந்துவிடுவார்.